நானுஓயா இறக்கம்

மஸ்கெலியா பஸ் நிலையத்துக்கு எதிரே வாடகை வேன்கள் நிற்கும் வரிசையில் ஜீவராஜின் வேன் எப்போதும் கடைசியில்தான் நிற்கும். ஆஸ்பத்திரிக்கு, ஹட்டன் ரயிலுக்கு, நோர்வூட் பக்கம் கல்யாண வீட்டுக்கு என்று யார் கூப்பிட்டாலும் போவான். நுவரெலியா என்று சொன்னால் மட்டும் பக்கத்து வேன்காரனைக் கை காட்டிவிடுவான். நாலைந்து வருடமாக அப்படித்தான். காரணம் ஊருக்கே தெரியும் என்பதால் யாரும் அவனை வற்புறுத்துவதில்லை.

2017 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தோட்டமொன்றின் தையல் வகுப்புப் பெண்பிள்ளைகள் பதினொரு பேரை அவன் நுவரெலியாவுக்குச் சுற்றுலா கூட்டிப் போனான். அவன் பிறந்து வளர்ந்ததும் அதே தோட்டம்தான். வழியெல்லாம் அருவிகளைக் காட்டி, மதியம் கிரகரி வாவியில் இறக்கிவிட்டு, நாலு மணிக்குத் திரும்பினான். நானுஓயா இறக்கத்தில் ஒரு வளைவில் வேன் பாதையை விட்டு விலகித் தேயிலைச் சரிவில் உருண்டது. முன் ஆசனத்தில் இருந்த சுலக்ஷனா அந்த இடத்திலேயே இறந்துபோனாள். பத்தொன்பது வயது. பின்னால் இருந்த கிருஷாந்திக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மற்றவர்களுக்குக் காயங்கள். ஜீவராஜுக்குத் தோள் எலும்பு உடைந்தது.

பிரேக் குழாய் வெடித்திருக்கிறது என்று பரிசோதனையில் சொன்னார்கள். "முன்கூட்டி ஒன்னும் தெரியல, திடீர்னு பெடல் உள்ள போயிடுச்சு" என்று ஜீவராஜ் பொலிசில் வாக்குமூலம் கொடுத்தான். குற்றம் அவன் மேல் வரவில்லை.

தோட்டத்தில் வேறு ஒரு தீர்ப்பு ஓடியது. கிருஷாந்தி செல்போனில் பாட்டைப் போட்டு எல்லாரையும் ஆட வைத்தாள், வேன் குலுங்கியது, டிரைவருக்குக் கவனம் சிதறிவிட்டது என்று பேசினார்கள். யார் தொடங்கி வைத்த பேச்சோ தெரியாது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த ஒருவர், "புள்ளைங்க வேனுக்குள்ள ஆடுனாங்களாமே ஜீவா?" என்று கேட்டார். ஜீவராஜ் கூரையைப் பார்த்தபடி, "சின்னப் புள்ளைங்கதானே, அப்படித்தான்" என்றான். அது போதுமாக இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து வேறொரு வேன் வாங்கி மறுபடி ஓட்டத் தொடங்கினான். கிழமைக்கு ஒரு தரம் கராஜுக்குக் கொண்டுபோய் பிரேக்கைப் பார்க்கச் சொல்வான். மெக்கானிக் அலுத்துக்கொள்வான்.

2024 மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் சண்முகவடிவு அவனுடைய வேனைத் தேடி வந்தாள். சுலக்ஷனாவின் அம்மா. ஐம்பத்தைந்து வயதை நெருங்கிவிட்டவள். இன்னும் கொழுந்து எடுக்கிறாள். மலையிலிருந்து இறங்கி, கால்கூடக் கழுவாமல் அப்படியே வந்திருந்தாள்.

"தம்பி, ஞாயித்துக்கெழம ஒரு ஹயர் இருக்கு."

"எங்கக்கா?"

"நுவரெலியா."

ஜீவராஜ் பக்கத்து வேனைத் திரும்பிப் பார்த்தான். சண்முகவடிவு அவன் பார்வை போன பக்கம் பார்க்கவில்லை.

"வேற யாரும் வேணாம். நீதான் வரணும். அன்னிக்கு அவ என்னையும் கூப்புட்டா. எடம் இருக்கும்மா, வாங்கன்னா. ஞாயித்துக்கெழம மலைக்குப் போனா ஒன்றரை நாள் சம்பளம் போடுவாங்கன்னு நான் போகல. அவ போனும் நொறுங்கிப் போச்சு, ஒரு படம்கூட மிஞ்சல. எங்கெங்க எறங்குனா, எங்க நின்னா, என்னத்தப் பாத்தான்னு ஒனக்குத்தான் தெரியும். அதையெல்லாம் நான் பாக்கணும்."

"மத்தப் புள்ளைங்ககிட்ட..."

"யாருகிட்ட? அந்த நொண்டிச்சிகிட்டயா?"

முடியாது என்று அவனால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்குப் போய் மனைவி ரத்னாவிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள். "ஒங்களுக்கு ஒத்துக்காதுன்னு சொல்லிருக்கலாமே" என்றாள். "அந்தக்கா வந்து கேட்டா எப்படி ரத்னா?" என்றான். சனிக்கிழமை முழுவதும் கராஜில் இருந்தான். நன்றாக இருந்த குழாய்களையும் கழற்றிப் புதிதாகப் போட வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அவள் லயத்து வீடுகளுக்குக் கீழே பாதையில் நின்றாள். நீலச் சேலை, கையில் ரொட்டியும் சம்பலும் கட்டிய பை. பின் கதவைத் திறந்துவிட்டான். அவள் சுற்றிக்கொண்டு போய் முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

மழை இல்லாத மாதம். மவுசாக்கலையில் தண்ணீர் இறங்கி, கரையெல்லாம் செம்மண் படிப்படியாகத் தெரிந்தது. காசல்ரீயிலும் அப்படித்தான். ஹட்டனையும் தாண்டினார்கள். கொட்டகலை கழிந்து டெவோன் நீர்வீழ்ச்சி தெரியும் இடத்தில் வேனை ஓரங்கட்டினான்.

"இங்கதான் மொதல்ல எறங்குனாங்க."

பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் பாறையிலிருந்து வெள்ளைத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"இங்க என்ன செஞ்சா?"

"எறங்கி ஓடுனா. ஓடுன வேகத்துல செருப்பு வார் அறுந்துருச்சு. யாருகிட்டயோ ஊக்கு வாங்கிக் குத்திக்கிட்டா. குத்துறப்ப வெரல்லயும் குத்திக்கிட்டா. ரெத்தத்த வாயில வச்சுக்கிட்டே படத்துக்கு நின்னா."

சண்முகவடிவு சிரித்துவிட்டாள். "பச்ச வார் செருப்பு. சந்தையில வாங்குனது. வாங்குறப்பவே சொன்னேன், ரெண்டு மாசம் தாங்காதுன்னு." சிரித்த வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

சென்கிளையர் அருவி மெலிந்து ஒழுகிக்கொண்டிருந்தது. "இதப் பாக்கவா இவ்வளவு கூட்டம்?" என்று கேட்டாள். மின்சாரத்துக்குத் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள், முந்தி அகலமாக விழும் என்று அவன் சொன்னான். அவள் அருவியை விட்டு, அதன் பக்கத்துச் சரிவில் இருந்த தேயிலையைப் பார்த்தாள். "கொழுந்து முத்திப்போய்க் கெடக்கு. ஆள் இல்ல போல" என்றாள். வெளிநாட்டுக்காரப் பெண்ணொருத்தி கேமராவைக் காட்டி, படம் எடுக்கட்டுமா என்று சைகை செய்தாள். சண்முகவடிவு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேனுக்கு நடந்தாள்.

தலவாக்கலையில் நீர்த்தேக்கத்தின் ஓரமாக வேன் போனது. பச்சைத் தண்ணீரில் ஊர் தலைகீழாகத் தெரிந்தது. இங்கே அவர்கள் இறங்கவில்லை, ஜன்னலில் தலையை நீட்டிக் கத்திக்கொண்டே போனார்கள் என்று சொன்னான். அவள் கண்ணாடியை இறக்கி, தலையைக் கொஞ்சம் வெளியே நீட்டிப் பார்த்தாள். காற்றில் கண் கலங்கியது. அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை.

நானுஓயாவில் ஏற்றம் தொடங்கியதும் ஜீவராஜ் வேகத்தைக் குறைத்தான். அந்த வளைவு வந்தது. கியரை மாற்றிக்கொண்டு, பாதையை மட்டும் பார்த்து ஓட்டினான்.

"அந்த எடம் இங்க எங்கயோதானே?" என்றாள்.

"வர்றப்ப காட்டுறேங்க்கா."

கிரகரி வாவியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். குதிரைச் சவாரி, படகு, பட்டம் விற்பவர்கள். அவள் அவித்த சோளம் இரண்டு வாங்கி, ஒன்றை அவனிடம் நீட்டினாள். தண்ணீரைப் பார்த்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஆறு வருடத்துக்கு முன்பு வேனை நிறுத்திய இடம் அங்கிருந்து நூறு அடிதான். சோளம் அவன் கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"தம்பி, ஒன்னு கேக்கணும்னுதான் வந்தேன்" என்றாள். "எழவு வீட்டுக்கு நீ தோள்ல கட்டோட வந்து, அவ சிரிச்சுப் பேசிக்கிட்டே வந்தான்னு சொன்ன. நான் அதையே நெனச்சுக்கிட்டு இருக்கேன். என்ன பேசுனா? என்னத்துக்குச் சிரிச்சா? கடைசியா அவ வாயிலேருந்து வந்தது என்ன?"

ஜீவராஜ் கையிலிருந்த சோளத்தைப் புல்லில் வைத்தான்.

"அந்தச் சனியன் பாட்டப் போட்டு ஆடாம இருந்திருந்தா எம்புள்ள இன்னைக்குக் கையில ஒரு புள்ளையோட நிப்பா. எம்புட்டுச் சாபம் விட்டிருப்பேன் அவளுக்கு. என்ன பேசுனான்னு சொல்லு, எனக்கு அது போதும்."

"யாரும் ஆடலக்கா" என்றான் ஜீவராஜ்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"யாரும் ஆடல. பாட்டும் போடல. குளிரு தாங்காம எல்லாரும் போத்திக்கிட்டுத் தூங்கிட்டாங்க. கிருஷாந்தியும் தூங்கிட்டா. சுலக்ஷனா மட்டுந்தான் முழிச்சிருந்தா."

ஒருமுறை தொடங்கியதும் அவனால் நிறுத்த முடியவில்லை. அன்று வாவியிலிருந்து கிளம்பி வண்டியைத் திருப்பும்போதே பெடல் வழக்கத்தை விட ஆழமாகப் போனது. இறங்கி மூடியைத் திறந்து பார்த்தான். பிரேக் ஒயில் குறைந்திருந்தது. பின் சில்லில் டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்தது. எங்கேயோ கசிகிறது என்று அவனுக்கு விளங்கிவிட்டது. கராஜ் அரை மைலில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, திறந்திருக்குமோ என்னவோ, திறந்திருந்தாலும் இரண்டு மணித்தியாலம் போகும், பிள்ளைகளை இருட்டுவதற்கு முன் வீட்டில் விடுவதாகச் சொல்லியாகிவிட்டது என்று நினைத்தான். டாஷ்போர்டில் ஒரு போத்தல் ஒயில் இருந்தது. அதை ஊற்றி நிரப்பி, இரண்டு முறை மிதித்துப் பார்த்தான். பெடல் நின்றது. மெதுவாகப் போனால் ஹட்டன் வரை தாங்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"நான் ஊத்துறத சுலக்ஷனா பாத்துக்கிட்டு நின்னா. 'என்னண்ணே, வேன் பழுதா?'ன்னு கேட்டா. 'ஒன்னுமில்ல தங்கச்சி, ஏறு'ன்னேன். ஏறுனா. எறக்கத்துல ரெண்டாவது வளைவுல பெடல் அப்படியே கீழ போச்சு. நான் பம்ப் பண்றேன், ஹேண்ட் பிரேக்க இழுக்குறேன். அவ என் காலத்தான் பாத்துக்கிட்டு இருந்தா. 'அண்ணே, ஒன்னுமில்லன்னீங்களே'ன்னா. அதான். அதுக்குப் பெறகு ஒன்னும் பேசல."

ஏரியில் படகுகள் போய்க்கொண்டிருந்தன. சண்முகவடிவு சோளத்தைத் தன் பைக்குள் வைத்தாள்.

"பொலிசுல இதச் சொன்னியா?"

"இல்லக்கா."

"ஒம் பொண்டாட்டிக்கு?"

"தெரியாது."

"ஆடுனாங்கன்னு யாரு சொன்னது?"

"நான் சொல்லல. கேட்டாங்க. நான் இல்லன்னு சொல்லல. புள்ளைங்க ஆடலன்னு சொன்னத யாரும் நம்பல."

அவள் எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்தாள்.

"ஆறு வருஷமா அந்தப் புள்ள நொண்டிக்கிட்டு எங்க வாசல் வழியா பைப்புக்குத் தண்ணி எடுக்க வருவா. அவ வர்ற நேரம் பாத்து நான் வாசல்ல காறித் துப்புவேன். போன வருஷம் பொண்ணு பாக்க வந்தவுங்க எங்கிட்ட வெசாரிச்சாங்க. ஒரு உசுர முழுங்குனவன்னு சொன்னேன். எங் கண்ணு முன்னாலேயே திரும்பிப் போனாங்க. ஏண்டா, என்னைய என்ன செய்ய வச்சிருக்க நீ?"

அதுவரை தம்பி என்றே கூப்பிட்டவள். ஜீவராஜ் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுதான். பக்கத்தில் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த குடும்பம் இடம் மாறிப் போனது.

"வேனு பிரேக் இப்ப நல்லாருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லாருக்குக்கா. நேத்துத்தான் புதுசு போட்டேன்."

"ஒன் வாயால சொல்றத நான் எப்படி நம்புறது?"

பையை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்தை நோக்கி நடந்தாள். அவன் பின்னாலேயே போனான், கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. ஹட்டன் பஸ்ஸில் ஏறி, கூட்டத்துக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் கிளம்பியதும் ஜீவராஜ் வேனை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போனான். ஏன் பின்னால் போனான் என்று அவனுக்கே தெரியாது. நானுஓயா இறக்கத்தில் பஸ் அந்த வளைவைச் சாதாரணமாகத் திரும்பிப் போனது. அவள் பார்க்க வேண்டும் என்று கேட்ட இடம், அவளுக்குத் தெரியாமலே அவளைக் கடந்துபோயிற்று. ஜீவராஜ் வேனை நிறுத்தி இறங்கிப் பார்த்தான். முறிந்த செடிகள் எல்லாம் மறுபடி தழைத்து, சரிவு ஒரே மட்டமாகப் பச்சையாக இருந்தது. எந்த இடம் என்று அவனாலேயே குறித்துச் சொல்ல முடியவில்லை.

மஸ்கெலியாவுக்கு அவன் வந்து சேர்ந்தபோது பின்னேரம் ஐந்து மணி. ஹட்டனில் பஸ் மாறி வர அவளுக்கு இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது. சண்முகவடிவு இறங்கி நேராக அவனிடம் வந்தாள்.

"நாளைக்குக் காலையில பெரட்டுக்கு வா. எல்லாரும் வேலைக்குப் பேர் குடுக்க நிப்பாங்க. நீயே சொல்லு. நான் சொன்னா, மகள நெனச்சு நெனச்சுப் புத்தி கலங்கிருச்சும்பாங்க."

"வர்றேங்க்கா."

"வரலன்னா நான் ஒன்னும் செய்யமாட்டேன். ஆனா நீ வா."

வீட்டில் ரத்னா எல்லாவற்றையும் கேட்டாள். கடைசியில், "தர்ஷிகாவ பள்ளிக்கூடத்துல என்னன்னு கேப்பாங்க?" என்று மட்டும் கேட்டாள். தர்ஷிகா அவர்களுடைய மகள். அந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தவள். காலையில் அவன் சட்டையைப் போட்டபோது ரத்னா, "நானும் வரவா?" என்றாள். வேண்டாம் என்றான். வேனை எடுக்காமல், தேயிலைக்கு நடுவே படிக்கட்டுப் பாதையில் நடந்து ஏறினான்.

பெரட்டுக் களத்தில் அறுபது பேருக்கு மேல் நின்றார்கள். கூடைகளோடு பெண்கள், கத்தியோடு ஆண்கள், பேர் எழுதுகிற கணக்கப்பிள்ளை. சண்முகவடிவு முன்னால் நின்றாள். ஜீவராஜ் சொல்லத் தொடங்கியபோது சத்தம் அடங்கவில்லை. ஒயில் ஊற்றிய இடத்துக்கு வந்தபோது யாரும் பேசவில்லை. "அந்தப் புள்ளைங்க ஆடல. கிருஷாந்தி தூங்கிக்கிட்டுத்தான் இருந்தா. தப்பு என்னோடது" என்று முடித்தான். அந்தப் பயணத்தில் மகளின் பல் உடைந்த ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவன் கன்னத்தில் அறைந்தார். இரண்டாவது அறைக்குக் கை ஓங்கினார், பிறகு தானே கையைக் கீழே போட்டார்.

கிருஷாந்திக்கு மலையில் நிற்க முடியாது. களத்தை ஒட்டிய பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்க்கிற வேலை. வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இடுப்பில் யாருடைய குழந்தையோ. அதைப் பக்கத்தில் நின்றவளிடம் கொடுத்துவிட்டு, காலை இழுத்து இழுத்து நடந்து வந்தாள். வழி விட்டார்கள்.

"அண்ணே, ஆஸ்பத்திரியில நீங்க ரெண்டு தரம் வந்து என்னையப் பாத்தீங்க. தோடம்பழம் கொண்டுவந்தீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அப்பச் சொல்லணும்னு தோணலயா?"

"தோணுச்சு."

"பெறகு?"

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு திரும்பிப் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள். கணக்கப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு பேர் கூப்பிடத் தொடங்கினார்.

தோட்டத் தலைவர் அவனை அன்றே பொலிசுக்கு அழைத்துப் போனார். ஆறு வருடத்துக்கு முந்திய கோப்பைத் தேடி எடுக்கவே மூன்று மாதம் ஆனது. வழக்கு பதினொரு தவணை போனது. கடைசியில் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கொடுத்தார்கள். சாரதி அனுமதிப்பத்திரத்தையும் ரத்துச் செய்தார்கள். வேனை விற்றான். இப்போது ஹட்டனில் ஒரு சிமெந்துக் கடையில் மூட்டை இறக்குகிறான். பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருகிறான். தெரிந்தவர்கள் பேசுகிறார்கள், சிலர் பேசுவதில்லை. முன்பு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்துகொள்வார், இப்போது தூங்குகிறார் என்று ரத்னா தன் அக்காவிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கோபம் வந்தது. தர்ஷிகா அந்த வருடம் கணக்குப் பாடத்தில் தவறிவிட்டாள். மறுபடி எழுதுகிறாள்.

சண்முகவடிவு கிருஷாந்தியின் வீட்டுக்கு மூன்று தரம் போனாள். முதல் இரண்டு தரமும் அவளுடைய அம்மா வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டாள். மூன்றாவது தரம் கிருஷாந்தியே வெளியே வந்தாள்.

"நீங்க மன்னிப்புக் கேக்க வேணாம் பெரியம்மா. ஒங்களுக்கும் தெரியாதுதானே. நான் சண்டைக்கு வரல. ஆனா ஒங்க வீட்டு வாசப்படி ஏறமாட்டேன், நீங்களும் இங்க வராதீங்க."

"சரிம்மா" என்றாள் சண்முகவடிவு.

இறங்கி நடந்தவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டாள் கிருஷாந்தி. அன்று வேனில் ஏறுவதற்கு முன்னால் சுலக்ஷனா வாவிக்கரையில் ஒரு கம்பளித் தொப்பிக்குப் பேரம் பேசினாள் என்றாள். சிவப்புத் தொப்பி. தனக்கில்லை, மலையில் குளிருக்கு அம்மா போட்டுக்கொள்வாள் என்று சொன்னாளாம். விலை படியாமல் விட்டுவிட்டு வந்தார்களாம்.

"இதச் சொல்லணும்னு ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாளே ஒங்க வாசலுக்கு வந்தேன்" என்றாள். "நீங்கதான் கதவச் சாத்திட்டீங்க."